இரண்டாய் உரித்த அட்டை

விரல் நுனியில் கடற்கரை மணல் போல உறுத்திய அந்த மினுங்கலை என் வலது கைப் பெருவிரல் இன்னும் மறக்கவில்லை. பழைய பிஸ்கற் ரின், தகர டப்பா, ஒன்றுக்குள் கையை விட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு துழாவுகிறேன். மற்ற அட்டைகள் எல்லாம் வழுவழுவென்று நழுவ, ஒன்று மட்டும் சொரசொரவென்று அகப்படுகிறது. ரின்னுக்குள்ளிருந்து பழைய வனிலா வாசனை வருகிறது. வெளியே ஜனவரி வெயில் மண்டபத்தின் தகரக் கூரையை அடித்து நெரிக்கிறது. அப்போது எனக்குப் பதினொரு வயது.

எங்கள் வேதக்கார வீடுகளில் வருடப் பிறப்பன்று "வசனம் எடுக்கிறது" என்று ஒரு வழக்கம் உண்டு. சின்னச் சின்ன அட்டைகளில் வேதவசனங்களை எழுதி ஒரு பெட்டிக்குள் போட்டு வைப்பார்கள். பெரியவர் சிறியவர் எல்லாரும் பார்க்காமல் ஒன்று எடுக்க வேண்டும். எடுத்தது அந்த வருடம் முழுவதற்கும் அவருக்குக் கடவுள் கொடுத்த வாக்கு என்று வைத்துக்கொள்ள வேண்டும். எடுத்தவர் அங்கேயே எழுந்து நின்று அதை வாசிப்பார், சபை "ஆமென்" சொல்லும். எடுப்பது எனக்குப் பிடிக்கும். எழுந்து நின்று வாசிப்பதற்குப் பயந்து, நத்தார் என்கிற கிறிஸ்துமஸுக்கு முன்பே சாக்குத் தேடத் தொடங்கிவிடுவேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்து எங்களுக்கு ஒரு வருடமும் ஆகவில்லை. நார்த்மீட்டில் ஒரு வாடகை வீடு; பப்பாவுக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை, அம்மா வீட்டிலிருந்து தையல் தைத்தாள். பெண்பிள்ளைகள் இரண்டு பேர், நானும் தங்கச்சி பிரேமாவும்தான், அவளுக்கு ஆறு வயது. என் தமிழ்ப் படிப்பு ஊரில் ஐந்தாம் வகுப்போடு சரி. இங்கே ஆங்கிலப் பள்ளியில் பின்வரிசையில் வாய் திறக்காமல் இருந்து, சட்டம் விட்ட வயதில் படிப்பை நிறுத்திக்கொண்டேன். ஆகையால் எழுத்தில் குறை இருந்தால் வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் என்று அப்போது ஏழோ எட்டோ இருந்தோம். மெரிலேண்ட்ஸில் ஒரு வெள்ளைக்காரக் கோயிலின் மண்டபத்தை மாதத்தின் முதல் ஞாயிறு மத்தியானத்தில் எங்களுக்கு விடுவார்கள். வருடப் பிறப்பன்று காலையிலும் விட்டார்கள். வசன அட்டைகளைச் செய்தவர் கிறேஸ் அன்ரி. அவர் மலேசியாக்காரர், ஆஸ்பத்திரியில் நேர்ஸ், புருஷனை இழந்தவர். கடையில் தமிழ் அட்டை வாங்க வழி இல்லாத காலம் என்பதால், போன வருடத்து நத்தார் வாழ்த்து அட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டி, பின்பக்கத்தில் தன் குண்டு எழுத்தில் வசனங்களை எழுதுவார். அதனால் எங்கள் வசனங்களுக்குப் பின்னால் பனி விழுந்த கூரையும் சிவப்பு நெஞ்சுக் குருவியும் இருக்கும். நூறு டிகிரி வெயிலில் வியர்த்து வழிந்துகொண்டு பனிப்படத்தைக் கையில் பிடித்து நிற்போம்.

அன்றைக்கு நான் கள்ளம் செய்தேன். பார்க்காமல் எடுக்க வேண்டும் என்பதுதான் சட்டம். தடவாமல் எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மினுங்கல் ஒட்டிய குருவி ஒன்று ரின்னுக்குள் போனதை முன்பே கண்டு வைத்திருந்தேன். விரலால் தேடிப் பிடித்துவிட்டேன். கதிரையில் வந்து உட்கார்ந்து மெதுவாகப் புரட்டிப் பார்த்தால், மினுங்கலுக்குப் பின்னால் சிட்சையைப் பற்றிய வசனம். தகப்பன் பிள்ளையைத் தண்டித்துத் திருத்துவது போல நானும் உன்னைத் திருத்துவேன் என்ற பொருள். தெரிந்தவர்களுக்குத் தெரியும். எனக்கு அதில் "சிட்சை" என்ற ஒரு சொல்தான் கண்ணில் பட்டது. இந்த வருடம் எனக்கு அடி இருக்கிறது, அதுவும் கடவுளிடமிருந்து என்று பயந்து அட்டையை மடியில் கவிழ்த்தேன்.

பக்கத்தில் பிரேமா தன் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. எட்டிப் பார்த்தேன், எல்லா நன்மையாலும் உன்னை நிரப்புவேன் என்ற மாதிரி அவளுக்கு வந்திருந்தது. படமோ வெறும் மெழுகுதிரி.

"குருவி வேணுமோ?" என்று காதுக்குள் கேட்டேன்.

அவள் என் கையிலிருந்து அதைப் பறித்தே விட்டாள்.

என் முறை வந்தபோது நான் எழுந்து, எனக்கு வராத வசனத்தை எனக்கே கேட்காத குரலில் வாசித்தேன். பிரேமாவின் அட்டையை அம்மா வாங்கி அவளுக்காக வாசித்தாள். வாசித்து முடிய, எதற்கும் பகிடி சொல்லிச் சிரிக்கவைக்கிற துரை அங்கிள் பின்வரிசையிலிருந்து சிரித்தார்.

"தங்கச்சிக்கு இந்த வருஷம் நல்ல பூசை கிடைக்கப் போகுது!"

எல்லாரும் சிரித்தார்கள். பிரேமாவும் சிரித்தாள். மினுங்கல் அவள் மூக்கில் ஒட்டியிருந்தது.

அந்த நாட்களில் சிட்னியில் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டின் பின்வளவிலும் உடுப்புக் காயப்போடுகிற இரும்புக் கம்பி ஒன்று இருக்கும். ஒரு தூண், அதன் தலையில் குடை விரித்த மாதிரி நாலு கை. காற்றடித்தால் அப்படியே சுற்றும். நாங்கள் அதைச் "சுத்துக்கம்பி" என்போம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் அதில் தொங்கிச் சுற்றித்தான் விளையாடுவார்கள். எங்கள் வீட்டில் அது கூடாது. "அது உடுப்புக்கு, உங்களுக்கில்லை" என்பது அம்மாவின் கட்டளை.

வருடப் பிறப்புக் கழிந்து இரண்டாம் கிழமை, ஜனவரி இரண்டாவது வாரத்தில், அம்மா தைத்த சட்டைகளைக் கொடுக்கப் போயிருந்தாள். பப்பா வேலையில். பிரேமாவைப் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. அவள் கெஞ்சினாள், எனக்கும் ஆசை. நான் அவளைத் தூக்கிக் கம்பியில் பிடிக்கவைத்து, சுற்றினேன். அவள் கத்திச் சிரிக்கச் சிரிக்க, இன்னும் கெதியாகச் சுற்றினேன். கை வழுக்கி அவள் பறந்து போய்ச் சீமெந்து நடைபாதையில் விழுந்தாள்.

வலது முழங்கை எலும்பு உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்து, கம்பி ஏற்றி, தோளிலிருந்து விரல் அடி வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டார்கள். நரம்பில் பட்டிருக்கலாம், கட்டு அவிழ்க்கும் வரைக்கும் விரல்கள் எப்படி வேலை செய்யும் என்று சொல்ல முடியாது என்று டாக்குத்தர் சொன்னார். கட்டுக்கு வெளியே தெரிந்த அவளுடைய ஐந்து விரல் நுனிகளையும் நான் ஒவ்வொரு நாளும் பார்ப்பேன். சின்னவிரல் அசையவே அசையாது.

எப்படி விழுந்தாள் என்று பெரியவர்கள் கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. பிரேமா "வழுக்கிப் போட்டுது" என்று மட்டும் சொன்னாள். அது பொய்யும் இல்லை. பப்பா என் தலையைத் தடவி, "நீ பயந்துபோனாய் என்ன?" என்றார். எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். அது உருகிக் கையில் வழியும் வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று கிழமையாக என்னை யாரும் ஏசவில்லை, ஒரு வேலை சொல்லவில்லை. சொந்த வீட்டில் விருந்தாளி போல இருந்தேன். அப்படி இருப்பது எவ்வளவு பெரிய தனிமை என்று அனுபவித்தவர்களுக்கே தெரியும்.

பிரேமா வீட்டுக்கு வந்த பின்னும் அந்தக் குருவி அட்டையைத் தலையணைக்கு அடியில்தான் வைத்திருந்தாள். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றும்: அடி எனக்கு வந்தது. நான் அதைப் பெயர் மாற்றித் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டேன்.

பெப்ரவரி முதல் ஞாயிறு ஆராதனையில் பிரேமாவுக்காகச் செபித்தார்கள். செபம் முடிந்ததும் துரை அங்கிள் தலையை ஆட்டிக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

"நான் அண்டைக்குப் பகிடியா சொன்னனான். ஆனால் பாருங்கோ, வசனம் பலிச்சுப் போச்சு. இந்தப் பிள்ளையைக் கவனமாப் பார்த்துக்கொள்ளுங்கோ. வருஷம் இன்னும் கிடக்குது."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பிரேமாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை என்னால் தாங்க முடியவில்லை. ஆறு வயதுப் பிள்ளை, ஏன் பார்க்கிறார்கள் என்று தெரியாமல், அட்டையைக் காட்டிக் குருவி குருவி என்றாள்.

அன்று பின்னேரம் குசினிக்குள் போனேன். அம்மா காய்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பால் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த வசனம் பிரேமாவின்ரை இல்லை."

"எந்த வசனம்?"

"மினுங்கல் வசனம். அது எனக்கு வந்தது. நான் மாத்திப்போட்டன்."

அம்மா பிழிவதை நிறுத்தவில்லை. "ஏன் மாத்தினனி?"

"பயமாயிருந்தது. அதாலதான் அவள் விழுந்தவள். எனக்கு வரவேண்டியது அவளுக்குப் போட்டுது."

அம்மா கையை உதறிவிட்டுத் திரும்பினாள். "கர்த்தர் என்ன தபால்காரனோ, பேர் மாறின கடிதத்தைக் கொண்டுபோய்ப் பிழையான வீட்டில போட?"

அவ்வளவுதான் என்று நினைத்து நான் மெல்ல நகர்ந்தேன்.

"நில். அவளுக்கு அந்தக் கம்பி எட்டாது. எப்பிடித் தொங்கினவள்?"

அந்தக் கேள்வியை அம்மா மூன்று கிழமையாக வைத்திருந்திருக்கிறாள், நானாக வரட்டும் என்று.

"நான் தூக்கி விட்டனான்."

"சுத்தினது?"

"நான்தான்."

"அப்ப விழுத்தினது நீ. அதைக் கொண்டுபோய்க் கடவுளின்ரை தலையில போடாதை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னை அடியுங்கோ அம்மா" என்றேன். மனதார வேண்டித்தான் கேட்டேன்.

"அடிச்சால் உனக்குச் சுகம். அஞ்சு நிமிஷத்தில முடிஞ்சுபோம்" என்றாள் அம்மா. "இண்டையிலயிருந்து அவளின்ரை வலக்கை நீ. சோறு தீத்திறது, தலை இழுக்கிறது, முகம் கழுவுறது, பள்ளிக்கூடத்தில எழுதச் சொன்னால் அவள் சொல்லச் சொல்ல எழுதுறது, எல்லாம் நீதான். கட்டு அவிழ்க்கும் மட்டும். பிறகு, வாற மாதம் ஆராதனையில எழும்பி நிண்டு, நடந்ததைச் சொல்லி உன்ரை வசனத்தை வாசிக்கவேணும். வசனம் பலிச்சுதெண்டு அந்த மனுசன் சபையில சொன்னதை நீ சபையிலதான் இல்லையெண்டு ஆக்கவேணும்."

"எனக்கு ஏலாது அம்மா."

"தெரியும். நான் பக்கத்தில நிப்பன். ஆனால் வாய் உன்ரை."

"வாசிச்சால் அவளின்ரை கை சுகமாகுமோ?"

"வியாபாரம் பேசாதை. கையை டாக்குத்தரும் கர்த்தரும் பார்ப்பினம். நீ உன்ரை வேலையைச் செய்." பிறகு பால் சட்டியை அடுப்பில் வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "பக்கத்து வீட்டுப் பெட்டை சுத்தியிருந்தால் தாயிட்டைச் சொல்லிப்போட்டு வந்திருப்பன். நீ என்ரை பிள்ளை. உன்னை நான் ஆரிட்டைச் சொல்லுறது?"

அன்றைக்குத்தான் மூன்று கிழமைக்குப் பிறகு நான் இரண்டாம் தரம் சோறு கேட்டேன்.

ஆனால் வசனத்தை வாசிக்க அட்டை வேண்டுமே. பிரேமா தரமாட்டேன் என்றாள்.

"மினுங்கல் என்ரை."

"அது அக்காவின்ரை வசனம், பிள்ளை" என்றாள் அம்மா.

"வசனத்தை எடுக்கட்டும். குருவி என்ரை."

அம்மா அட்டையைக் கேட்டு வாங்கினாள். கேத்திலைக் கொதிக்கவைத்து, ஆவியில் அட்டையின் ஓரத்தைக் காட்டி, பப்பாவின் சவர பிளேட்டை நடுவில் செருகி, தையல்காரியின் பொறுமையோடு நூல் நூலாக உரித்தாள். தடித்த அட்டை இரண்டு மெல்லிய தாளாகப் பிரிந்தது. ஒன்றில் குருவி, ஒன்றில் வசனம். குருவிக்குப் பின்னால் பிரேமாவுக்கு உண்மையாக வந்த நன்மை வசனத்தைக் கோந்து போட்டு ஒட்டினாள். எனக்கு மற்றதைத் தந்தாள். பின்பக்கம் சொரசொரப்பாக, தோல் உரிந்த மாதிரி இருந்தது. பப்பா பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நாளைக்கு நான் தாடியோடதான் வேலைக்குப் போறது" என்றார்.

வலக்கையாக இருப்பது லேசான வேலை இல்லை. பிரேமா என்னைப் படாத பாடு படுத்தினாள். சோற்றை உருட்டினால் உருண்டை பெரிது என்பாள்; தலை இழுத்தால் நேர்வகிடு கோணல் என்பாள்; "வலக்கை, மூக்கைச் சொறி" என்று கட்டளை இடுவாள். ஒருநாள் நான் பொறுக்கமாட்டாமல் சீப்பை எறிந்துவிட்டேன். அம்மா சீப்பை எடுத்து என் கையில் திரும்ப வைத்தாள். அவ்வளவுதான்.

மார்ச் மாத ஆராதனையில் அம்மா என் தோளைத் தொட்டாள். எழுந்தேன். உரித்த தாளை இரண்டு கையாலும் பிடித்தேன். அம்மாவும் எழுந்து, கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். எனக்குப் பதிலாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. மேலே காற்றாடி சுற்றிக்கொண்டே இருந்தது.

"தங்கச்சிக்கு வாசிச்ச வசனம் எனக்கு வந்தது. நான் பயத்தில மாத்தினனான். அவளைக் கம்பியில தூக்கிச் சுத்தினதும் நான்தான். இது என்ரை வசனம்" என்று சொல்லி, வாசித்தேன். நடுவில் குரல் இரண்டு தரம் உடைந்தது.

முன்வரிசையிலிருந்து பிரேமா மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு, "ஆமென்!" என்று கத்தினாள்.

மண்டபமே சிரித்தது. துரை அங்கிள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் வாயைக் குடுத்து மாட்டினனான்" என்று பிரேமாவுக்கு ஒரு ரொபி மிட்டாய் கொடுத்தார். கிறேஸ் அன்ரி என்னைத் தேடி வந்தார்.

"ஏன் புள்ள, அந்த வசனத்துக்கா பயந்த? நான் அத எனக்குன்னு எழுதி வெச்சேன். அவர் போனப்புறம் என்னைய ஏன்னு கேக்க ஆள் இல்ல. அதான் இருக்கறதுலயே நல்ல படமா பாத்து அதுல எழுதினேன். ஒவ்வொரு வருஷமும் வேற யாராவது எடுத்துட்டுப் போயிடறீங்க!"

அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை. பெரியவர்களுக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை கட்டு அவிழ்த்தார்கள். விரல்கள் அசைந்தன, சின்னவிரலும் கடைசியில் அசைந்தது. ஆனால் முழங்கை முற்றாக நிமிரவில்லை, இன்று வரைக்கும் கொஞ்சம் வளைந்துதான் இருக்கிறது. நான் செய்தது செய்ததுதான். மன்னித்தவர்கள் மன்னித்தார்கள், கை நிமிரவில்லை.

இப்போது எனக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. எங்கள் சபை பெரிதாகி, ஒரே ஆராதனைக்கு முந்நூறு பேர் வருகிறார்கள். வருடப் பிறப்பு வசனம் அச்சடித்து வருகிறது, போனுக்கும் வருகிறது. பின்னால் சூரிய உதயம், மலை, நீர்வீழ்ச்சி. எல்லாம் நன்மை, எல்லாம் உயர்வு. சிட்சை வசனம் எடுத்தவர் ஒருவரைக்கூட நான் கண்டு கனகாலம். ஒருமுறை வெட்கத்தை விட்டு, அட்டைகளைத் தெரிவு செய்கிற தம்பியிடம் கேட்டேன். "நியூ இயர் அன்ரி, பொசிட்டிவா இருக்கவேணும்" என்றார். நல்ல பிள்ளை. நான் ஓம், சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் கணவர் இறந்த வருடம் எனக்கு வந்த அச்சு வசனம், ஒரு தீங்கும் அணுகாது என்பது. சித்திரையில் அவர் போய்விட்டார். அது தண்டனை என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால், அதைக் கடவுளின் தலையில் போடாதே என்று அம்மா கல்லறையிலிருந்து எழும்பி வருவாள். ஆனால் அதற்குப் பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு, சமைக்காமல், குளிக்காமல், கோயிலுக்கும் போகாமல் நான் இருந்த மாதங்கள் என் பிழைதான். என் பிள்ளைகள் "பாவம் அம்மா" என்று ஒன்றும் சொல்லாமல் விட்டார்கள். திரும்பவும் என் வீட்டில் நான் விருந்தாளி. அப்போது ஒருநாள் வேதப்புத்தகத்துக்குள் இருந்த அந்த மெல்லிய தாள் கையில் அகப்பட்டது. நன்மை வசனங்கள் எவ்வளவோ வாசித்தும் அழாதவள் அதைப் பார்த்து அழுதேன். என்னை விட்டுவிடாமல், எழும்பு, உன் வேலையைச் செய் என்று அதட்ட இன்னும் ஒருவர் இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! கிறேஸ் அன்ரி ஏன் அதற்கு நல்ல படம் தேடினார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. எழுந்து அரிசி கழுவி உலையில் போட்டேன்.

கிறேஸ் அன்ரியும் இல்லை, துரை அங்கிளும் இல்லை. அந்த மண்டபத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். பிஸ்கற் ரின் யாரிடம் போனதோ தெரியாது. சுத்துக்கம்பியும் அருகிவிட்டது, என் மாடி வீட்டில் உடுப்புகள் மெஷினுக்குள் சுற்றிக் காய்கின்றன. பிரேமா மெல்பேர்னில் இருக்கிறாள். குருவியின் மினுங்கல் எல்லாம் உதிர்ந்துபோச்சு, ஆனால் குருவி இருக்கிறது என்கிறாள்.

ஒவ்வொரு வருடப் பிறப்பன்றும் அவள் எனக்குப் போன் எடுப்பாள். "அக்கா, உன்ரை வசனத்தை வாசி" என்பாள். தாளை எடுத்து வாசிப்பேன். போனில் வாசிக்கவும் இன்னும் குரல் நடுங்குகிறது. அந்தப் பக்கத்திலிருந்து, வளைந்த கையைத் தூக்கிக்கொண்டுதான் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும், பெரிதாக ஒரு "ஆமென்" வரும். பிறகு, "சாப்பிட்டனியோ?" என்று கேட்பாள்.

இன்னும் இல்லை என்றால் விடமாட்டாள். "மணி என்ன இப்ப? போனை வைச்சுப்போட்டு முதல்ல போய்ச் சாப்பிடு!" என்று அதட்டுவாள்.

நான் போனை வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிடுவேன்.